கேட்டில் சுகாதார அதிகாரி நின்றால் முதலில் எந்தச் சட்டம் என்று கேளுங்கள்

பேராக்கில் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாருக்காவது டிங்கி என்று தெரிந்தால் மறுநாள் காலையிலேயே எனக்குப் போன் வந்துவிடும். "அண்ணே, கெசிஹாத்தான் ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க, உள்ள விடணுமா?" கெசிஹாத்தான் என்றால் சுகாதாரத் துறை. அந்த அரசு சுகாதார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோளில் ஒரு பை, கையில் டார்ச் லைட், பைக்குள் சின்னச் சின்னக் குப்பிகளும் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் என்று தோட்டம் தோட்டமாக, தாமான் தாமானாக (தாமான் என்றால் வீடமைப்புப் பகுதி) ஏறி இறங்கின ஆள். அதனால் அக்கம் பக்கத்தில் என்னைக் கேட்கிறார்கள்.

கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. ஒருவர், சட்டை போட்ட யார் வந்தாலும் கதவைத் திறந்து நாற்காலி போடுவார். இன்னொருவர் "இது என் சொந்த வீடு, வாரண்ட் இல்லாம யாரும் வரக்கூடாது" என்று பூட்டைப் போடுவார். இரண்டுமே தோட்டத்திலிருந்து வந்த பழக்கம் என்றுதான் நினைக்கிறேன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தபோது வீடு நம்முடையதாக இருந்ததே இல்லை. கம்பெனி வீடு. மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் வருவார், தோட்டத்துக் கிளார்க் கிராணி வருவார், மானேஜர் துரையே சில நாள் வருவார். யாரும் "வரலாமா" என்று கேட்டுக்கொண்டு வந்ததில்லை. அப்படி வளர்ந்தவர்கள் கடன் வாங்கி ஒரு தாமான் வீடு வாங்கினதும், பாதிப் பேர் பழைய மாதிரியே இருந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு இனி ஒருத்தரும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்ற வைராக்கியம். அந்த வைராக்கியம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் இரண்டு பக்கமும் இல்லை, நடுவில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பயமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

நான் எல்லாருக்கும் சொல்வது ஒன்றுதான். "உள்ளே விடலாமா வேண்டாமா" என்று யோசிக்காதீர்கள். "எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். சுகாதார அதிகாரிக்குப் பொத்தாம் பொதுவாக எந்த வீட்டுக்குள்ளும் நுழையும் அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு சட்டமும் ஒரு வேலைக்காக அவருக்கு ஓர் அதிகாரத்தைக் கொடுக்கிறது. கொசுவுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, தொற்றுநோய்க்கு ஒன்று. எந்தச் சட்டம் என்று தெரிந்தால் அவர் எதைப் பார்க்கலாம், எதைத் திறக்கலாம், உங்களிடம் என்ன தாள் கொடுப்பார் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும்.

கொசுவுக்கு வருகிறவர்கள்

நம் ஊரில் கேட்டைத் தட்டும் பத்துப் பேரில் பெரும்பாலானோர் கொசுவுக்காகத்தான் வருகிறார்கள். அவர்கள் வருவது நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ். மலாய்த் தாளில் அக்தா பெமுஸ்னாஹான் செரங்கா பெம்பாவா பென்யாக்கிட் என்று இருக்கும், பேச்சில் அக்தா 154, அக்தா என்றால் சட்டம். இந்தச் சட்டத்தின்படி சுகாதார இன்ஸ்பெக்டர் எந்த வளாகத்துக்குள்ளும் வந்து கொசுப்புழு இருக்கிறதா என்று தேடலாம், மாதிரி எடுக்கலாம், மருந்து போடலாம், புகை அடிக்கலாம், தேங்கிய தண்ணீரைக் கொட்டச் சொல்லி உத்தரவு போடலாம். வளாகம் என்றால் கடை, பள்ளி, கட்டுமான இடம் மட்டும் இல்லை. வீடும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி நிலமும் அதில் சேரும். இந்தச் சோதனைக்கு நீதிமன்ற வாரண்ட் தேவையில்லை, சட்டமே அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. எனவே "வாரண்ட் எங்கே" என்று நிற்பதில் பயன் இல்லை. தடுத்தால் அதுவே தனிக் குற்றம். அரசு ஊழியரின் வேலையைத் தடுப்பதற்குக் குற்றவியல் தொகுப்பின் 186ஆம் பிரிவிலும் தண்டனை இருக்கிறது. ஈராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

"அவ்வளவு வீடு இருக்க என் வீட்டுக்கு ஏன் வந்தாங்க, யார் போட்டுக் கொடுத்தது?" இந்தக் கேள்வியால் எத்தனையோ பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருக்கிறார்கள். யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம், அக்தா 342, டிங்கி என்று சந்தேகப்பட்டாலே டாக்டர் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அரசு ஆஸ்பத்திரி, தனியார் கிளினிக், எல்லாருக்கும் அதே கட்டாயம். தகவல் வந்ததும் நோயாளி வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குள் இருக்கும் வீடுகளை எல்லாம் பார்ப்பார்கள். ஏடிஸ் கொசு அதிக தூரம் பறக்கும் கொசு இல்லை. பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கடித்துக்கொண்டு திரியும். அதனால்தான் அந்த வட்டம். உங்கள் வீடு அந்த வட்டத்துக்குள் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2019இல் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அந்த மாதிரி வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். இறந்தவரின் செருப்பு வாசலிலேயே கிடக்கும், பின்பக்கம் பூந்தொட்டித் தட்டில் புழு நெளியும். அந்த வீட்டிலிருந்து ஆரம்பித்ததா, பக்கத்து வீட்டிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியாது. கதவைத் திறந்து விடுங்கள் என்று நான் சொல்வது சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை.

வாசலிலேயே முடிக்க வேண்டிய வேலை

முதலில் அட்டை. இன்ஸ்பெக்டர்களுக்கு அதிகாரம் கொடுக்கும் அட்டை உண்டு, காட் குவாசா என்பார்கள். கழுத்தில் தொங்குவது வேலை அட்டை மட்டுமாக இருக்கலாம். காட் குவாசாவைத் தனியாகக் கேளுங்கள். "என்சேக், போலே சாயா தெங்கோக் காட் குவாசா?" ஐயா, காட் குவாசாவைப் பார்க்கலாமா என்று அர்த்தம். பெண் அதிகாரி என்றால் என்சேக்குக்குப் பதில் புவான். அடுத்து, இது எந்தச் சட்டத்தின் கீழ் என்ற கேள்வி, "இனி பாவா அக்தா மானா?" இந்த இரண்டு வாக்கியமும் மனப்பாடமாக இருந்தால் போதும். கோபமாகக் கேட்கத் தேவையில்லை, சிரித்துக்கொண்டே கேளுங்கள். ஒழுங்கான அதிகாரி அட்டையை எடுத்துக் காட்டுவார். எங்களுக்கு அது அவமானம் இல்லை. கேட்காமல் திறந்து விடுகிற பாட்டிகளைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். நாளைக்கு வேறு எவனோ அதே மாதிரி ஒரு சட்டை போட்டுக்கொண்டு வருவான்.

பெயரையும் அட்டை எண்ணையும் எழுதி வையுங்கள். சந்தேகம் இருந்தால் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நம்பரை நீங்களே தேடி எடுக்க வேண்டும். வந்தவர் கொடுக்கும் நம்பரில் அழைத்தால் அவருடைய கூட்டாளிதான் பேசுவார். அதுவரை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்வது தடுப்பது ஆகாது. பிறகு இன்னொன்று, சுகாதார அதிகாரி வாசலில் எதையும் விற்க மாட்டார், காசும் வாங்க மாட்டார். அபேட் பாக்கெட் விற்றுக்கொண்டு "கெசிஹாத்தான்ல இருந்து வர்றோம்" என்றால் கதவைச் சாத்திவிட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். அரசு ஊழியராக நடிப்பது குற்றவியல் தொகுப்பின் 170ஆம் பிரிவில் குற்றம்.

வீட்டில் பெண் ஒருத்தி தனியாக இருந்தால்? பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். வந்தவர்களில் பெண் இருந்தால் அவரை முன்னால் வரச் சொல்லுங்கள். இரண்டுமே நியாயமான கோரிக்கை. நான் போன இடங்களில் அப்படிக் கேட்டபோது ஒரு தடவைகூட மறுத்ததில்லை, மறுக்கிறவரைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்லத் தயங்க வேண்டாம். பிள்ளைகள் மட்டும் இருக்கும் நேரம் என்றால் பிள்ளை கதவைத் திறக்கக் கூடாது. "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க, சாயந்திரம் வாங்க" என்று ஜன்னல் வழியாகச் சொல்லக் கற்றுக் கொடுங்கள். ஆள் இல்லாத வீட்டில் நோட்டீஸ் வைத்துவிட்டு மறுபடி வருவது வழக்கம்தான். அந்த நோட்டீஸைப் பார்த்தும் போன் பண்ணாமல் விடுவதுதான் தப்பாகப் போகும்.

உள்ளே வந்த பிறகு

கூடவே நடங்கள். இதைவிட முக்கியமான அறிவுரை என்னிடம் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தேத்தண்ணி கலக்கப் போய்விடாதீர்கள். அவர் எந்தப் பாத்திரத்தைப் பார்க்கிறாரோ அதை நீங்களும் பாருங்கள்.

எங்கெல்லாம் பார்ப்பார்கள் என்று தெரிந்தால் வீட்டில் எதைத் திறக்கலாம், எதைக் கூடாது என்பதும் தெரியும். குளியலறைத் தண்ணீர்த் தொட்டியான கோலா, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டித் தட்டு, எறும்பு ஏறாமல் அலமாரிக் காலுக்கு வைத்த கிண்ணம், கூரைப் பீலி, பழைய டயர், தண்ணீர் டிரம், பயன்படுத்தாத கழிவறை, பூஜை அறையில் பூ வைக்கிற செம்பு. இவை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும், எனவே பார்க்கலாம். துணி அலமாரியில் தண்ணீர் நிற்காது. மேசை டிராயரில் நிற்காது. கொசுவுக்கு வந்தவருக்கு அங்கே வேலை இல்லை. "என்சேக், சினி தாடா ஆயர்" என்று சொன்னால் போதும், இங்கே தண்ணீர் இல்லை என்று. பூஜை அறைக்குள் போக வேண்டுமென்றால் காலணியைக் கழற்றச் சொல்லுங்கள். முடிந்தால் செம்பை நீங்களே எடுத்து வந்து காட்டுங்கள், அவருக்கும் அதுதான் வசதி.

புழு இருக்கிறது என்று சொன்னால் உடனே வாதாடாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். டார்ச்சை வாங்கி நீங்களே பாருங்கள். ஏடிஸ் புழு வெளிச்சம் பட்டதும் நெளிந்து கீழே போகும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மூச்சு வாங்க மறுபடி மேலே வரும். வாலில் குட்டையான ஒரு குழாய், அதைத் தண்ணீர் மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மலேரியா பரப்பும் அனோஃபெலஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது, அது தண்ணீர் மட்டத்தோடு படுத்தமாதிரி மிதக்கும். கண்ணுக்கு இது தெரியும் என்றாலும் எந்த இனம் என்று உறுதி செய்வது ஆய்வுக்கூடத்தில்தான். அதனால் மாதிரி எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். எந்தப் பாத்திரத்திலிருந்து எடுத்தார், எந்தக் குப்பியில் போட்டார், குப்பியின் மேல் உங்கள் முகவரியும் தேதியும் உங்கள் கண் முன்னால் எழுதினாரா? எழுதாத குப்பியைப் பைக்குள் போட விடாதீர்கள். "தோலோங் துலிஸ் டுலு, என்சேக்", முதலில் எழுதிவிடுங்கள் ஐயா என்று கேளுங்கள். ஒரே தெருவில் பல வீட்டுக் குப்பிகள் ஒரே பையில் போகும். உங்கள் வீட்டுக் குப்பி எது என்பதில் குழப்பம் வரக் கூடாது.

போனில் படம் எடுக்கலாம். பாத்திரத்தை எடுங்கள், குப்பியை எடுங்கள், தாளை எடுங்கள். அதிகாரியின் மூக்குக்கு நேராகப் போனை நீட்டி வீடியோ போட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும், உங்களுக்குத் தேவையான ஆதாரமும் கிடைக்காது.

அபேட் போட்டால் அளவு 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம். குளிக்கிற தொட்டியில் மணல் மாதிரி கிடக்கிறதே என்று அவர் போனதும் கொட்டிக் கழுவிவிடாதீர்கள்.

கையில் கொடுக்கும் தாள்

நம் மக்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மலாயில் இருக்கிறதே என்று மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து அபராதம், அதன் பிறகு சம்மன்.

தாள் ஒரே வகை இல்லை. நோட்டீஸ் என்றால் இதைச் சரி செய் என்று அர்த்தம், அதில் நாள் குறித்திருக்கும். கொம்பாவுன் என்றால் ஒரு குற்றம் நடந்ததாகச் சொல்லி, பணம் கட்டினால் கோர்ட்டுக்குப் போகாமல் முடித்துக்கொள்ளலாம் என்று கொடுக்கும் வாய்ப்பு. அக்தா 154இல் கொசுப்புழுவுக்கான கொம்பாவுன் 500 ரிங்கிட் வரை. அது வாய்ப்புதான், தீர்ப்பு இல்லை. தப்பு உங்களுடையது இல்லை என்று ஆதாரத்தோடு நம்பினால் கட்டாமல் கோர்ட்டில் வாதாடலாம். ஆனால் அங்கே தோற்றால் கணக்கு வேறு. முதல் குற்றத்துக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 50,000 ரிங்கிட், ஐந்து ஆண்டு வரை போகும். ஆகவே வீராப்புக்காக யாரும் கோர்ட்டுக்குப் போக வேண்டாம். பணம் முழுதாகக் கட்ட முடியாதவர்கள் குறைக்கச் சொல்லி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். சம்பளச் சீட்டின் நகலையும், இடத்தைச் சுத்தம் செய்த பிறகு எடுத்த படத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

தாளை வாங்கியதும் நான்கு இடத்தைப் பாருங்கள். உங்கள் பெயர், வீட்டு எண், எந்தச் சட்டம் எந்தப் பிரிவு, தேதி. கையெழுத்துப் போடச் சொன்னால் அதற்கு மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாளைப் பெற்றுக்கொண்டேன் என்பதற்குக் கையெழுத்துப் போடுவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு.

இப்போது தோட்டத்தில் இன்னும் லயத்தில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது. இதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதவே உட்கார்ந்தேன்.

சட்டம் வீட்டின் உரிமையாளர், குடியிருப்பவர் இருவரையுமே பொறுப்பாக்குகிறது. தாளில் பெமிலிக் என்று இருந்தால் உரிமையாளர், பெங்ஹுனி என்று இருந்தால் குடியிருப்பவர். தாமானில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள். லயத்தில் அப்படி இல்லை. வீடு கம்பெனியுடையது, குடியிருப்பது நீங்கள். வாசலில் நீங்கள் போட்ட டிரம்மில் புழு இருந்தால் அது உங்கள் பொறுப்பு, மறுப்பதற்கில்லை. பால் வெட்டி முடித்த கித்தா (ரப்பர்) மரத்தில் குப்புறக் கவிழ்க்காமல் விட்ட பால் மங்கு, உடைந்து தண்ணீர் தேங்கும் சிமெண்ட் லோங்காங் (சாக்கடை), மூடி இல்லாத பொதுத் தண்ணீர்த் தொட்டி, ஆள் இல்லாமல் பாழடைந்து கிடக்கும் பக்கத்து வீட்டுக் கழிவறை, இவையெல்லாம் எப்படி உங்கள் பொறுப்பாகும்? ஒரு தோட்டத்தில் இதே மாதிரி நடந்ததைப் பார்த்தேன். இரண்டு வரிசை வீடுகளுக்கு நடுவே, கூரையில்லாத பழைய குளியலறை. உள்ளே இடுப்பளவு சிமெண்ட் தொட்டி, மழைத் தண்ணீர் நிறைந்து, மேலே பாசி, கீழே புழு. அந்தத் தொட்டியை யாரும் பயன்படுத்தியே பல வருஷம் ஆகியிருக்கும். தாள் வந்தது பக்கத்து வீட்டில் இருந்த பால் மரம் வெட்டுகிற அம்மாவின் பெயரில். காரணம், அதிகாரி வந்து கேட்டபோது வீட்டில் இருந்தவர் அவர்தான்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதையே எல்லாருக்கும் சொல்கிறேன். தாள் கொடுக்கும் அந்த நிமிடத்திலேயே "இது என் வீட்டுக்குச் சேர்ந்தது இல்லை, தோட்ட நிர்வாகத்தின் இடம்" என்று சொல்லுங்கள். அதைத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வராவிட்டால் படித்த பிள்ளையைக் கூப்பிடுங்கள். தொட்டி எங்கே இருக்கிறது, உங்கள் வீட்டு வாசல் எங்கே இருக்கிறது என்று இரண்டும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுங்கள். அன்றைக்கே மானேஜருக்கு ஒரு கடிதம். நீளமாக வேண்டாம். தேதி, வீட்டு எண், எது உடைந்திருக்கிறது, சரி செய்து தரவும், கீழே கையெழுத்து. இரண்டு நகல் எடுத்து ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் வாங்கின தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலைக் கொம்பாவுனோடு சேர்த்துச் சுகாதார அலுவலகத்தில் கொடுத்து, தாளை உரிமையாளர் பெயருக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அந்த அம்மா விஷயத்தில் மாற்றினார்கள். முத்திரை குத்திய கடிதம் இல்லாமல் வெறும் வாயால் சொல்லியிருந்தால் மாற்றியிருப்பார்களா என்றால், சந்தேகம்தான்.

தோட்டத்து வீடுகளுக்கு இன்னொரு சட்டமும் துணை நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்பு வசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், அக்தா 446. வீட்டைப் பழுது பார்ப்பது, போதுமான குழாய்த் தண்ணீர் கொடுப்பது, சாக்கடையைச் சரியாக வைப்பது எல்லாம் முதலாளியின் கடமை என்கிறது அது. அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. சுகாதார அலுவலகத்துக்குப் போகும் கடிதத்தின் ஒரு நகல் அந்தத் துறைக்கும், அதாவது ஜாபாத்தான் தெனாகா கெர்ஜாவுக்கும் போகட்டும். துரைக்குக் கோபம் வருமே என்று பயப்படுகிறவர்கள், நான்கைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறவர்கள்

ஒட்டுக்கடை வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்கும் அக்காமார்கள், கல்யாணச் சமையல் எடுப்பவர்கள், உங்களுக்கு வேறு சட்டம். 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம், அக்தா 281. விற்பனைக்கு உணவு இருக்கிறது, தயாராகிறது என்று அதிகாரி நம்பும் இடத்துக்குள் அவர் நுழையலாம். உணவைப் பார்க்கலாம், மாதிரி எடுக்கலாம், கெட்டுப்போனதைக் கைப்பற்றலாம், பாத்திரத்தைத் திறக்கலாம், சம்பந்தப்பட்ட கணக்குப் புத்தகத்தையும் பார்க்கலாம். வீடு என்பதால் இந்தச் சட்டம் வாசலில் நின்றுவிடாது.

ஆனால் அவருடைய அதிகாரம் உணவோடு போகிறது என்பதை மனதில் வையுங்கள். தீபாவளி நேரத்தில் முறுக்கு டின்னை எல்லாம் படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினால் படுக்கையறையும் உணவு இருக்கும் இடமாகிவிடும். மாவு மூட்டையை அப்பாவின் அறையில் வைத்தால் அப்பாவின் அறையும் அப்படித்தான். வியாபாரச் சாமானுக்கென்று ஓர் அறையை, ஓர் அலமாரியை ஒதுக்குங்கள். அதிகாரி வந்தால் "செமுவா டி சினி" (எல்லாம் இங்கேதான்) என்று அதைக் காட்டலாம். குடும்பம் இருக்கும் பக்கம் அவர் போகத் தேவை இருக்காது. இது கரப்பானுக்கும் எலிக்கும்கூட நல்லது.

சுத்தம் இல்லை என்று முடிவு செய்தால் 11ஆம் பிரிவில் 14 நாள் வரை கடையை மூடச் சொல்லலாம். அந்த 14 நாளும் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். என்னென்ன குறை என்று எழுதி வாங்குங்கள், ஒவ்வொன்றாகச் சரி செய்து படம் எடுங்கள், மறுபரிசோதனைக்கு நீங்களே அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். எதையாவது எடுத்துக்கொண்டு போனால் என்ன பொருள், எவ்வளவு என்று எழுதிய ரசீது இல்லாமல் விடாதீர்கள். உணவு கையாளும் பயிற்சிச் சான்றிதழ், டைஃபாய்டு ஊசி அட்டை, பதிவுத் தாள் மூன்றும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வீட்டில் இருக்கிறது என்று சொல்வதை எந்த அதிகாரியும் எழுதிக்கொள்ள மாட்டார்.

கடையில் புகைபிடித்தலைப் பார்க்க வருபவரும் இதே அலுவலகத்து ஆளாக இருக்கலாம். ஆனால் அவர் வருவது 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கும் புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டமான அக்தா 852இன் கீழ். இரண்டு தாளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நகராட்சி ஆட்கள் தனி

மாட்டுக் கொட்டகை நாறுகிறது, குப்பை எரிக்கிறார்கள், கடை லைசென்ஸ் இல்லை என்று வருகிறவர்கள் மஜ்லிஸ், அதாவது நகராட்சி ஆட்கள். அவர்கள் பேசுவது அக்தா 171, ஊராட்சிச் சட்டம். சட்டையின் நிறம் ஒரே மாதிரி தெரிந்தாலும் அலுவலகம் வேறு, கொடுக்கும் தாள் வேறு, கட்டணம் கட்டும் கவுண்டர் வேறு. மாடு வைத்திருப்பவர்கள் முக்கியமாக இதைக் கவனிக்க வேண்டும். தொல்லை என்று நோட்டீஸ் வந்தால் அதில் போட்ட நாளுக்குள் ஏதாவது ஒரு வேலையாவது தொடங்கியிருக்க வேண்டும். சாணக் குழியைத் தோண்டி மூடிப் படம் எடுத்துக் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் அவகாசம் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியத் தம்பிகள் சுகாதார வண்டியைப் பார்த்ததும் பின்பக்கம் ஓடிவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அவர்களிடம் சொல்லுங்கள். பெர்மிட் பார்ப்பது குடிநுழைவுத் துறையின் வேலை. கொசுவுக்கு வந்தவர் தேடுவது தண்ணீரை. காய்ச்சல் வந்தவன் ஒளிந்துகொண்டால் அவனுக்கும் ஆபத்து, அந்த வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து.

புகை அடிக்க வரும் நாளில் ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்து, சாப்பாட்டை மூடி, மீன் தொட்டியை மூடி, பறவைக் கூண்டை வெளியே எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கொஞ்ச நேரம் வெளியே இருங்கள். ஆஸ்துமா இருப்பவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், முன்கூட்டியே அதிகாரியிடமும் சொல்லி வையுங்கள். புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரத்திலிருந்து பத்து நாள்தான். அதனால் வாரம் ஒரு நாள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பதைப் புகை அடித்த வாரத்திலும் விடக் கூடாது.

அதிகாரி வரம்பு மீறினால்

அட்டை காட்ட மறுத்தால், காசு கேட்டால், தேவையில்லாத அறையைக் கிண்டினால், மரியாதை இல்லாமல் பேசினால், அங்கேயே கத்த வேண்டாம். நேரம், பெயர், அட்டை எண், என்ன நடந்தது, யார் சாட்சி என்று அன்று இரவே எழுதுங்கள். மாவட்டச் சுகாதார அதிகாரிக்குக் கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். சுகாதார அமைச்சின் சிஸ்பா புகார் தளத்திலும் போடலாம், அங்கே புகார் எண் கிடைக்கும். காசு கேட்டது என்றால் நேராக லஞ்ச ஒழிப்பு ஆணையம். கொம்பாவுன் கோர்ட் வரைக்கும் போய்விட்டதென்றால் வக்கீல் இல்லாமல் போகாதீர்கள். வசதி இல்லாதவர்களுக்கு ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது, அரசின் சட்ட உதவித் துறையான பந்துவான் குவாமான் அலுவலகமும் இருக்கிறது. போகும்போது தாளின் அசல், நீங்கள் எடுத்த படங்கள், முத்திரை குத்திய கடித நகல், மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.